மண்ணுக்கடியில் டிரைனேஜ் பைப் உறைந்துவிட்டால்

டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் பாத்ரூம் தரைத் துவாரத்தில் குமிழி விடுகிறதா? வெளியே பல நாளாக உறைகுளிர் என்றால் பைப்புக்குள் பனிக்கட்டி அடைத்திருக்கலாம். முதல் வேலை, வீட்டில் தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்துவது. வாஷிங் மெஷினும் சேர்த்துத்தான்.

எனக்கு இது வந்தது என் கெட்டிக்காரத்தனத்தால். நல்ல தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்க மூன்று ராத்திரி அதைச் சொட்டவிட்டேன். மேலே குழாய் தப்பியது, கீழே டிரைனேஜ் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கெட் தண்ணீர் என்றால் மடமடவென்று ஓடிவிடும். சொட்டுத் தண்ணீர் பைப்பின் அடியை நக்கிக்கொண்டு மெதுவாகப் போகும், போகிற வழியிலேயே உறையும். அதன்மேல் அடுத்த சொட்டு ஏறும், மெழுகு வழிந்து கட்டுவது மாதிரி.

பதற்றத்தில் கெட்டில் கெட்டிலாகக் கொதிநீர் ஊற்றினேன். தேங்கியிருந்த தண்ணீரோடு கலந்து ஆறி, விடிவதற்குள் அதுவும் கட்டியாகிவிட்டது. பிவிசி பைப் 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் என்பது வேறு விஷயம். சுடுதண்ணீர் 50 டிகிரி இருந்தால் போதும்.

அடைப்பு எடுக்கும் வாயின் மூடியை ஒதுங்கி நின்று கால் சுற்று கால் சுற்றாகத் திறங்கள். உள்ளே தேங்கியது முகத்தில் அடித்தால் ஒரு வாரம் மறக்காது. பிறகு நீளக் கம்பியை விடுங்கள். வேரோ துணியோ என்றால் கொஞ்சம் இடம் கொடுக்கும், பனிக்கட்டி டக்கென்று நிறுத்தும். வாயருகே கம்பியில் டேப் சுற்றி, வெளியே இழுத்து, பைப் போகும் வழியில் தரைமேல் போட்டுப் பாருங்கள். எனக்கு நுனி போய் நின்ற இடம், நடக்க வசதியாகப் பனியை நானே வழித்தெடுத்த பாதை! பனிதான் மண்ணுக்குப் போர்வை. அதை நான் உருவிவிட்டிருந்தேன்.

பைப்பின் கீழ்முனை கைக்கு எட்டினால் அங்கிருந்து தொடங்குங்கள், உருகியது தானாக வடியும். எட்டாவிட்டால் மேலிருந்துதான். விரல் பருமனில் வளையும் டியூப் ஒன்றைக் கட்டியில் முட்டும்வரை செலுத்தி, பக்கெட்டில் போட்ட சின்ன மோட்டாரால் சுடுதண்ணீர் விடுங்கள். ஆறிய தண்ணீர் வாய் வழியே திரும்பி வரும், அதைப் பிடிக்க ஒரு தொட்டி வேண்டும். டியூப் விரற்கடை விரற்கடையாகத்தான் நகரும். முழ நீளக் கட்டிக்கு எனக்கு இரண்டரை மணி நேரம். கடைசியில் உறிஞ்சும் சத்தத்தோடு எல்லாம் இறங்கியது. உடனே நாலைந்து பக்கெட் வெந்நீரை மொத்தமாக ஊற்றி மிச்சத்தை அடித்துத் தள்ளுங்கள்.

நெருப்பு காட்டவே வேண்டாம். அடைப்பு நீக்கும் காஸ்டிக்கும் கூடாது, கட்டிமேல் தேங்கி நின்று பிறகு உங்கள் கையைத்தான் பதம் பார்க்கும். ரொம்ப தூரத்தில் உறைந்திருந்தால் நீராவி மெஷின் வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

பனி போனதும் தோண்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் பைப் தொய்ந்து கிண்ணம் போலிருந்தது. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்துப் பதித்தேன். உங்களுக்கு அந்த வேலை முடியும்வரை, குழாயைச் சொட்டவிட்டே ஆகவேண்டும் என்றால் அடியில் பக்கெட் வைத்துப் பிடியுங்கள். காலையில் ஒரே மூச்சாகக் கவிழ்த்துவிடலாம்.