வால் சக்கர விமானத்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சிறிய விமானத்தில் இரண்டு பிரதான சக்கரங்கள் போக மூன்றாவது சக்கரம் மூக்குக்குக் கீழே இருந்தால் மூக்குச் சக்கர விமானம், வாலுக்குக் கீழே இருந்தால் வால் சக்கர விமானம். முதல் வகையில் பழகியவர்களுக்கு இரண்டாவதை ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பெல்ட் போடாதது, எரிபொருள் பார்க்காதது எல்லாம் எந்த விமானத்திலும் தவறுதான், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். சக்கரம் வாலில் இருப்பதால் மட்டுமே வருகிற தவறுகளைச் சொல்கிறேன்.

"அந்தக் காலத்தில் மூக்குச் சக்கரம் தெரியாது"

முதல் வகுப்பிலேயே யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள். தெரியாமல் என்ன? அமெரிக்க விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1908-இல் ஓட்டிய ஜூன் பக் விமானத்திலேயே முன்னால் ஒரு சக்கரம் உண்டு. அதில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளியது. எஞ்சினும் புரொப்பல்லரும் மூக்குக்கு வந்த பிறகு கணக்கு வேறாகிவிட்டது. மேடுபள்ளத்தில் விழும் அடியையெல்லாம் தாங்கும்படி மூக்குக்குக் கீழே ஒரு கால் வைத்தால், அது கனக்கும், காற்றையும் தடுக்கும். மரச்சட்டமும் துணியுமாக இருந்த விமானத்துக்கு, அதுவும் அன்றைய நோஞ்சான் எஞ்சினுக்கு, அந்தக் கனம் கட்டுப்படியாகாது. வாலில் இறங்குவதோ மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஒரு சறுக்குக்கட்டை போதும். மூக்கு நிமிர்ந்து நிற்பதால் பெரிய புரொப்பல்லரும் தரையில் இடிக்காது.

அன்றைய விமானங்களில் பிரேக் கிடையாது. புல்லைக் கீறிக்கொண்டே வந்த அந்தக் கட்டைதான் வேகத்தைக் குறைத்தது, வாலை நேராக இழுத்துப் பிடித்ததும் அதுதான். ஓடுபாதை என்று தனியாக ஒன்று இல்லாமல், நாலாபுறமும் திறந்த புல்வெளிதான் இருந்தது. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி இறங்கிவிடலாம். கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் சக்கரம் புல்லில் வழுக்கி விட்டுக்கொடுக்கும்.

கெட்டியான ஓடுபாதைகள் வந்து, இறங்கும் திசை இதுதான் என்று ஆன பிறகே இந்த அமைப்பு முரண்டு பிடித்தது. 1930களின் கடைசியில் பி-39, பி-38 போன்ற அமெரிக்கப் போர் விமானங்களில் மூக்குச் சக்கரம் திரும்பி வந்தது. ஜெட்டுக்கோ வால் சக்கரம் ஒத்தே வரவில்லை. ஜெர்மானிய ஜெட் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் தொடக்க மாதிரிகளில் வாலில் அடிக்கப் புரொப்பல்லர் காற்று இல்லை, எலிவேட்டரால் (வாலில் மேலும் கீழும் அசையும் பலகையால்) வாலைத் தூக்க முடியவில்லை. 1942-இல் அதன் சோதனை விமானி, ஓட்டத்தின் நடுவே பிரேக்கை லேசாகத் தட்டித்தான் வாலைக் கிளப்பினார்.

சரி, இந்த வரலாறு எதற்கு? புல்வெளிக்குப் பிறந்த அமைப்பை நீங்கள் தாரில் இறக்குகிறீர்கள். அடுத்த தவறு அங்கிருந்துதான் வருகிறது.

தொட்டதும் கால்களைத் தளர்த்துவது

இத்தனை காலம் கற்றுக்கொடுத்த பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

மூக்குச் சக்கர விமானத்தில் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. சற்றுக் கோணலாகத் தொட்டாலும் எடையே முன்னால் இழுத்து நேராக்கிவிடும். விமானி சும்மா இருந்தாலும் பிழைத்துக்கொள்வார். வால் சக்கர விமானத்தில் ஈர்ப்பு மையம் சக்கரங்களுக்குப் பின்னால். மூக்கு கொஞ்சம் திரும்பினால் போதும், பின்னால் இருக்கும் எடை பழைய திசையிலேயே போகப் பார்க்கும், வால் வெளியே வீசும், திருப்பம் இன்னும் இறுகும். இறகு முன்னாலும் முனை பின்னாலுமாக எய்த அம்பு இது, திரும்பியே தீரும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். கொடுமை என்னவென்றால், வேகம் குறையக் குறைய ரடர் (பெடலை மிதித்தால் இடவலமாகத் திரும்பும் வால் பலகை) மேல் ஓடும் காற்றும் குறைகிறது. ரடர் சோர்ந்து, வால் சக்கரம் இன்னும் சரியாகப் பிடிக்காத அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் வினை.

ஒருவர், பல வருடம் பறந்தவர், தனியாக ஓட்டினார். நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன, அருமையான இறக்கம். பாதி வேகம் குறைந்ததும் மனிதர் குனிந்து ஃபிளாப் (இறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) லீவரைத் தேடினார். இடப்பக்கக் காற்று, காற்றுத் திசை காட்டும் துணிப்பை அரைகுறையாகத்தான் அசைந்தது. மூக்கு இடப்பக்கம் நழுவியது, அப்புறம் சுழன்றது. வலப்பக்கச் சக்கரத்தின் கால் மடங்கி, இறக்கை நுனி தேய்ந்து, புரொப்பல்லர் தரையில் அடித்தது. இறங்கி வந்து "காற்று தள்ளிவிட்டது" என்றார்! ஓடுகிற புரொப்பல்லர் தரையில் பட்டால் எஞ்சினையே பிரித்துச் சோதிக்க வேண்டும். ஃபிளாப்பை நின்ற பிறகு ஏற்றியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

கால்கள் பெடலில் உயிரோடு இருக்கட்டும். சின்னச் சின்ன மிதி, உடனே விடுதல். ஓங்கி மிதித்து அப்படியே வைத்திருந்தால் மறுபக்கம் சுழலும். கண் மூக்கின் மேல் அல்ல, ஓடுபாதையின் கடைசியில். வால் இறங்கியதும் ஸ்டிக்கை (எலிவேட்டரை அசைக்கும் கைப்பிடியை) முழுக்கப் பின்னால் இழுத்து வையுங்கள், சக்கரம் தரையில் அழுந்தும். ஃபிளாப், ரேடியோ எல்லாம் விமானம் நின்ற பிறகு.

பிரேக்கை அழுத்தி மிதிப்பது

வால் எழும்பும், மூக்கு தரையில் குத்தும்.

குதித்த விமானத்தை அமுக்குவது

வேகமாகக் கீழிறங்கித் தொட்டால், சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள எடை வாலைக் கீழே தள்ளும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும், விமானம் மறுபடி எழும்பும். பயத்தில் ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் அடுத்த இடி இன்னும் பலமாக விழும். சின்னக் குதி என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்துக் கொஞ்சம் பவர் கொடுங்கள். பெரியது என்றால் முழு பவர் கொடுத்து மேலே போய், ஒரு சுற்று சுற்றி வாருங்கள்.

வாலை வெடுக்கென்று தூக்குவது

புறப்படும் ஓட்டத்தில் வாலைத் தூக்கும்போது சுழலும் புரொப்பல்லரும் சாய்கிறது, அப்படிச் சாய்த்தால் விசை பக்கவாட்டில் திரும்பி வரும். இருக்கையிலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் சுழல்வது என்றால் மூக்கு இடப்பக்கம் ஓடும். வலது காலைத் தயாராக வைத்துக்கொண்டு மெதுவாகத் தூக்குங்கள்.

நேர்கோட்டில் டாக்ஸி (தரையில் ஓட்டிச் செல்வது) போவது

மூக்கு மறைப்பதால் முன்னால் எதுவும் தெரியாது, வளைந்து வளைந்து போங்கள்.

பின்காற்றிலும் ஸ்டிக்கை இழுத்து வைப்பது

"எப்போதும் பின்னால் இழு" என்று மனப்பாடம் செய்தவர்கள் விழுகிற குழி. டாக்ஸியில் பலமான காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது, உயர்ந்து நிற்கும் எலிவேட்டருக்கு அடியில் புகுந்து வாலையே தூக்கிவிடும். அப்போது ஸ்டிக் முன்னால் இருக்க வேண்டும்.