பழைய வெள்ளி ரூபாய்: தேய்ந்ததா, தேய்க்கப்பட்டதா?

பூஜை அறைக் கிண்ணத்திலும் இரும்புப் பெட்டியின் அடியிலும் தலைமுறை கடந்து கிடக்கும் வெள்ளி நாணயங்களில் நமக்கு அதிகம் அகப்படுபவை, 1862 முதல் 1920 வரையிலான ஆண்டுகளைத் தாங்கிய பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். வாங்குபவரும் விற்பவரும் முதலில் கவனிப்பது அவற்றின் பளபளப்பை. ஆனால் நூறு ஆண்டுகள் பல கைகள் மாறிய ஒரு நாணயம் நேற்றுக் கடையில் வாங்கிய குத்துவிளக்கைப் போல மின்னினால், அதைச் சந்தேகத்துடன்தான் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் எடை போடுங்கள். இந்த ரூபாயின் நிர்ணயிக்கப்பட்ட எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 விழுக்காடு. 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் இரண்டு விழுக்காடு வரையிலான எடைக் குறைவைப் பொறுத்துக்கொண்டது. அந்தக் கணக்கில் சுமார் 11.43 கிராமுக்குக் கீழே இறங்கிய ரூபாய் மிகவும் தேய்ந்தது, அல்லது சுரண்டப்பட்டது, அல்லது போலி. 1940 முதல் 1945 வரை வந்த வெள்ளி ரூபாய்களில் வெள்ளி பாதிதான் என்பதால், அவற்றின் நிறமாற்றத்தை இங்கே சொல்லும் அளவுகோலால் பார்க்கக் கூடாது.

அடுத்தது வெளிச்சம். டியூப்லைட்டின் பரவிய ஒளியில் எல்லாக் குறையும் மறைந்துவிடும். ஒரே ஒரு மேசை விளக்கைப் போட்டு, கீழே மெத்தென்ற துணியை விரித்து, விளிம்பை மட்டும் இரு விரல்களால் பிடித்து, நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். அச்சடிக்கும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகளாக உறைந்திருக்கும். அந்தக் கோடுகளில் ஒளி பட்டுத் தெறிப்பதைத்தான் சேகரிப்பாளர்கள் லஸ்டர் என்கிறார்கள். நாணயத்தைச் சுழற்றும்போது அது விசிறி மடிப்பைப் போல மையத்தைச் சுற்றி ஓடும். பாலிஷ் போட்ட பளபளப்பு அப்படி ஓடாது. பாத்திரத்தின் அடியைப் போல ஒட்டுமொத்தமாக மின்னி ஒட்டுமொத்தமாக அணையும்.

தேய்மானம் எப்போதும் மேடான இடங்களில்தான் தொடங்கும். விக்டோரியா ரூபாயில் காதுக்கு மேலுள்ள கூந்தலையும், கிரீடத்தின் மணிகளையும், தோளருகே ஆடையின் பூவேலையையும் பாருங்கள். முடியணியாத ஏழாம் எட்வர்டின் தலையில் காதும் அதன் மேலுள்ள மயிரும் முதலில் வழுவழுப்பாகும். ஐந்தாம் ஜார்ஜின் புருவம், மீசை, கிரீடம் ஆகியவற்றோடு, மார்புச் சங்கிலியில் தொங்கும் யானையையும் பார்க்க வேண்டும். 1911இல் பன்றியைப் போல இருக்கிறதென்று சர்ச்சையாகி 1912இல் திருத்தப்பட்ட அதே யானைதான் அது. அதன் உடல்கோடுகள் தெளிவாக இருந்தால் நாணயம் அதிகம் புழங்கவில்லை எனலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை: விவரம் மங்கியிருப்பதெல்லாம் தேய்மானம் ஆகாது. அச்சு அழுத்தம் குறைவாக விழுந்த நாணயத்திலும் கூந்தல் கோடுகள் தெரியாது; ஆனால் அந்த இடத்தின் மேல் லஸ்டர் உடையாமல் ஓடும். தேய்ந்த இடத்தில் ஒளி அறுபட்டு, சாம்பல் நிறத்தில் மந்தமான ஒரு திட்டு நிற்கும்.

இனித் துலக்கிய தடயம். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸை வைத்து, முகத்துக்கு எதிரே உள்ள வெற்றுப் பரப்பைப் பாருங்கள். புழக்கத்தில் விழுந்த கீறல்கள் ஆழமும் நீளமும் திசையும் வெவ்வேறாக, தனித்தனியாகக் கிடக்கும். துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்த்த நாணயத்தில் மயிரிழை போன்ற கோடுகள் கூட்டமாக ஒரே திசையில் ஓடி, எழுத்துகளின் அருகே வந்ததும் சட்டென நின்றுவிடும், ஏனெனில் எழுத்தின் ஓரத்துக்குள் துணி நுழைவதில்லை. எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் விபூதியால் துலக்கி வைத்திருந்த 1907ஆம் ஆண்டு ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது: பரப்பு முழுவதும் வட்டவட்டமான கோடுகள், எழுத்துகளின் இடுக்கிலோ இன்றும் வெள்ளைப் பொடி. பாடம் படிக்க அதைவிட நல்ல நாணயம் கிடையாது.

அமிலக் கரைசலில் முக்கி எடுத்தவற்றைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். கோடு எதுவும் இருக்காது. ஆனால் கரைசல் கறுப்போடு சேர்த்து மேல்தோலையும் சிறிது கரைத்துவிடுவதால், லஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்படித்த சுவரைப் போன்ற உயிரற்ற வெண்மை தங்கும். கூந்தல் தேய்ந்து போயிருக்க, இடுக்குகளில் ஒரு பொட்டு அழுக்குக்கூட இல்லாமல் எங்கும் ஒரே வெள்ளையாக இருப்பது நடக்கிற காரியமில்லை. புழங்கிய நாணயத்தில் மேடு வெளுத்தும் பள்ளம் கறுத்தும் இருப்பதே இயல்பு.

கறுத்திருப்பதால் மட்டும் நம்பிவிடவும் முடியாது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து பொன்மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என்று படிப்படியாக நிறம் மாறிக் கடைசியில் கறுக்கும். டோனிங் எனப்படும் இந்த நிறமாற்றம் இயற்கையானதாக இருந்தால் ஒரு நிறம் அடுத்ததில் மெல்லக் கரையும், அதன் அடியில் லஸ்டரும் தெரியும். துலக்கிய பின் மீண்டும் கறுத்த நாணயத்தில் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், மயிரிழைக் கோடுகளும் அதன் வழியே தெரியும். புகைப்படத்தை நம்பி நான் வாங்கிய 1912ஆம் ஆண்டு ரூபாய் இந்த வகையே. படத்தில் அழகாகத் தெரிந்த நீலம், விளக்கடியில் சாய்த்த மறுநொடியே அதன் அடியிலிருந்த கீறல்களைக் காட்டிவிட்டது.

விளிம்பையும் மறக்காதீர்கள். காசுமாலையில் கோத்த நாணயத்தின் தலைமாட்டில் வளையம் பற்றவைத்த இடம் அராவப்பட்டு, அங்கே மட்டும் விளிம்பு வரிகள் மழுங்கியிருக்கும். துலக்கியதாகவோ பற்றவைத்ததாகவோ தெரிந்தால், தரம் பிரிக்கும் நிறுவனங்கள் எண் மதிப்பெண் தராமல் விவரத்தை மட்டும் குறித்துத் திருப்பிவிடுகின்றன; சந்தையிலும் அத்தகைய நாணயத்தின் விலை வெள்ளி விலைப் பக்கம் சரியும்.

கையிலுள்ள நாணயத்தில் எண்ணெயோ, மலிவான பிவிசி உறையின் பச்சைப் பிசுக்கோ படிந்திருந்தால், தூய அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும். பூஜை அறையில் விளக்கு எரியும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.