அமெரிக்க மாநில மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் அப்பீல் என்றதும் வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்துவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அங்கே சாட்சிக் கூண்டு இல்லை, ஜூரி இல்லை, பொதுவாகப் புது ஆதாரமும் எடுபடாது. கீழ் நீதிமன்றத்தில் நடந்ததன் பதிவு, இரு தரப்பின் எழுத்து வாதம், பெரும்பாலும் மூன்று நீதிபதிகள், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பைக் கையில் எடுங்கள்.

முதலில், எந்த நீதிமன்றம் என்று பாருங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்பது வழக்கை முதலில் விசாரிக்கும் இடம். உச்சியில் இருப்பது 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'. டெக்சாஸில் உச்ச நீதிமன்றமே இரண்டு, சிவிலுக்கு ஒன்று, கிரிமினலுக்கு ஒன்று.

அடுத்து, அப்பீல் போட்டது யார்? சிவில் வழக்கில் தோற்ற எந்தத் தரப்பும் போகலாம். கிரிமினலில் ஜூரி விடுதலை செய்துவிட்டால் அரசுத் தரப்பு அதை எதிர்த்து அப்பீல் போக முடியாது, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்று அரசியலமைப்பே சொல்கிறது.

மூன்றாவது படிதான் முக்கியம், இங்கே அவசரப்படாதீர்கள். கீழ் நீதிமன்றத்தின் முடிவை எவ்வளவு தூரம் கேள்வி கேட்கப்போகிறோம் என்று நீதிபதிகள் ஓரிடத்தில் எழுதியிருப்பார்கள். சட்டத்துக்கு என்ன பொருள் என்பதுதான் கேள்வி என்றால் கீழே சொன்னதைப் பொருட்படுத்தாமல் தாங்களே புதிதாக முடிவெடுப்பார்கள். நீதிபதியின் விருப்புரிமைக்கு விட்ட விஷயம் என்றால், அது நியாயத்தின் எல்லையைத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பார்கள். நடந்தது என்ன என்பது கேள்வி என்றால் கை வைக்கவே தயங்குவார்கள்: விபத்து வழக்கொன்றில் சிக்னல் சிவப்பு என்று ஒரு சாட்சியும் பச்சை என்று இன்னொருவரும் சொல்ல, ஜூரி முதல் சாட்சியை நம்பியிருந்தால், மேலே இருப்பவர்களுக்கு இரண்டாவது சாட்சி மேல் நம்பிக்கை வந்தாலும் தீர்ப்பு மாறாது. என்னைக் கேட்டால் இந்த ஒரு பத்தியைப் படித்தாலே முடிவைப் பாதி ஊகித்துவிடலாம்.

அப்புறம், தவறு நடந்த அன்றே வக்கீல் ஆட்சேபம் சொன்னாரா என்று தேடுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் அந்த வாதம் கைவிட்டுப் போனதுதான். ஆட்சேபித்திருந்தாலும், தவறு என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டாலும்கூட, அந்தத் தவறு முடிவைப் பாதித்ததா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கிரிமினல் வழக்கில் அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டிருந்தால், அதனால் தீர்ப்பு பாதிக்கப்படவில்லை என்று சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டவேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புக்கு. 1967-இல் சாப்மேன் எதிர் கலிபோர்னியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதி இது, எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும். குற்றவாளியைக் காப்பாற்றும் சந்து என்று இதைத் திட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை, தவறு செய்தவரே அதன் விளைவுக்கும் பதில் சொல்லட்டும் என்பது நியாயம்தானே?

கடைசியாக முடிவு வரி. 'உறுதி செய்யப்படுகிறது' என்றால் வேலை முடிந்தது. 'ரத்து' என்றிருந்தால் ஏன் என்று பாருங்கள். நடைமுறைத் தவறு காரணம் என்றால் பொதுவாக மறுவிசாரணை நடத்தலாம், சாட்சியமே போதவில்லை என்று தண்டனையை ரத்து செய்திருந்தால் அந்த நபரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி இருந்தால் அதையும் விடாமல் படியுங்கள். பெரும்பான்மை எந்த இடத்தில் வளைந்தது என்று அவர் நேரடியாகச் சுட்டிக்காட்டியிருப்பார்.