வைஸ் தரவில் குவேசார் தேடுவது எப்படி? தொடக்கநிலை செய்முறை

வைஸ் விண்தொலைநோக்கி 2009 டிசம்பர் 14 அன்று ஏவப்பட்டது. 40 செ.மீ. ஆடி. 3.4, 4.6, 12, 22 மைக்ரான் என நான்கு அகச்சிவப்புப் பட்டைகளில் வானம் முழுவதையும் படம் பிடித்தது. இந்தப் பட்டைகளை டபிள்யூ1 முதல் டபிள்யூ4 வரை என்று அழைப்பார்கள். 2024 ஆகஸ்டில் அதன் பணி முடிந்துவிட்டாலும், ஆல்வைஸ் அட்டவணையில் உள்ள 74 கோடிக்கும் மேற்பட்ட ஒளிமூலங்களின் அளவீடுகள் எல்லோருக்கும் இலவசம். அவற்றிலிருந்து குவேசார்களை, அதாவது பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் பிரகாசமாக ஒளிரும் தொலைதூர விண்மீன் திரள்களின் மையங்களை, பிரித்தெடுக்க ஓர் உலாவியும் அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் என்ற இலவச மென்பொருளும் போதும்.

1. தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள்

நாசாவின் அகச்சிவப்புத் தரவுக் காப்பகமான இர்சா தளத்துக்குப் போய், வைஸ் பிரிவில் ஆல்வைஸ் மூல அட்டவணையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டவற்றின் அட்டவணையும் இருக்கும். அதைத் தொட வேண்டாம். 3சி 273 குவேசாரின் வான ஆயங்களைக் கொடுங்கள்: வல ஏற்றம் 187.278 டிகிரி, நடுவரை விலக்கம் +2.052 டிகிரி. தேடல் ஆரம் 10 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு).

மேக்னிட்யூட் என்பது பிரகாசத்தின் அளவு; எண் குறைந்தால் பிரகாசம் கூடுதல். வரும் வரிசையில் டபிள்யூ1 மேக்னிட்யூடிலிருந்து டபிள்யூ2 மேக்னிட்யூடைக் கழியுங்கள். விடை 0.8-ஐத் தாண்டும். சாதாரண விண்மீன் எதையாவது எடுத்து இதே கழித்தலைச் செய்தால் பூஜ்யத்தை ஒட்டியே வரும். இந்தத் தேடலின் அடிப்படையே இந்த வித்தியாசம்தான். விண்மீனின் வெப்பம் பல ஆயிரம் கெல்வின் என்பதால், அதன் ஒளி 3 மைக்ரானுக்கு அப்பால் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகிறது. குவேசாரிலோ கருந்துளையைச் சுற்றிய தூசு ஆயிரம் கெல்வினுக்கு மேல் சூடேறி, 3 முதல் 5 மைக்ரான் பகுதியில் தானே ஒளிர்கிறது. அதனால் டபிள்யூ2 தூக்கலாகத் தெரியும்.

2. ஒரு பரப்பை எடுங்கள்

பால்வழித் தளத்திலிருந்து விலகிய இடம் நல்லது. வல ஏற்றம் 192.86, நடுவரை விலக்கம் +27.13 என்று கொடுத்தால் பால்வழியின் வட துருவம். ஆரம் அரை டிகிரி. ஆயிரக்கணக்கில் வரிசைகள் வரும். அப்படியே இறக்கி டாப்கேட்டில் திறந்து இரண்டு நிபந்தனைகள் போடுங்கள்: டபிள்யூ1 கழித்தல் டபிள்யூ2 குறைந்தது 0.8, டபிள்யூ2 15.05-க்குக் குறைவு. ஸ்டெர்ன் குழு 2012-இல் வெளியிட்ட அளவுகோல் இது. அவர்கள் கணக்கில் ஒரு சதுர டிகிரிக்குச் சுமார் 62 மூலங்கள் தேறும். உங்கள் பரப்பு 0.785 சதுர டிகிரி, ஆகவே 50-ஐ ஒட்டி வர வேண்டும். சில நூறு வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். மங்கலான மூலங்களுக்குப் போகப் போக, தொலைவிலுள்ள சாதாரண விண்மீன் திரள்களும் சிவப்புப்பெயர்ச்சியால் (அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வதால்) இதே நிறத்துக்கு வந்துவிடும்.

3. கொடிகளைப் படியுங்கள்

கொடி என்பது அளவீட்டின் தரத்தைச் சொல்லும் குறியீடு. ஆரம்பத்தில் பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. கொடி படிக்காத பட்டியலை நம்பவே கூடாது.

சிசி_ஃப்ளாக்ஸ் நெடுவரிசையில் நான்கு எழுத்துகள், பட்டைக்கு ஒன்று. முதல் இரண்டும் 0 ஆக இருக்கட்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் டி (D), பி (P), எச் (H) அல்லது ஓ (O) இருந்தால், பக்கத்துப் பிரகாசமான விண்மீனின் கதிர்க்கீற்றோ முந்தைய படத்தின் மிச்சமோ ஒளிவட்டமோ கருவிக்குள் பட்ட பிரதிபலிப்போதான் மூலமாகப் பதிவாகியிருக்கிறது. சிறிய எழுத்து என்றால் மூலம் உண்மை, அளவில் கலப்படம்.

பிஎச்_குவால் நெடுவரிசையிலும் முதல் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ஏ என்றால் சமிக்ஞை இரைச்சலைப் போல் 10 மடங்கு அல்லது அதற்கு மேல். யூ என்றால் அது அளவீடே அல்ல, மேல்வரம்பு. பிழை நெடுவரிசை காலியாக இருப்பதும் இதற்கு அடையாளம்.

4. மிஞ்சியதைக் கண்ணால் பாருங்கள்

டபிள்யூ1 படத்தின் கூர்மை சுமார் 6 ஆர்க்செகண்ட். அதற்குள் இரண்டு மூலங்கள் இருந்தால் ஒன்றாகக் கலந்துவிடும். ஒளியியல் படத்தையும் சேர்த்துப் பார்த்தால் உடனே புரியும்.

டபிள்யூ1 கழித்தல் டபிள்யூ2 வித்தியாசம் 2-ஐத் தாண்டினால் குளிர்ந்த பழுப்புக் குள்ளனாக (விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாத வான்பொருளாக) இருக்கலாம். வானியலாளர் கெவின் லூமன் 2014-இல் அறிவித்த வைஸ் 0855−0714 இப்படிப்பட்டது: 7 ஒளியாண்டுத் தொலைவு, வெப்பம் சுமார் 250 கெல்வின், ஆண்டுக்கு 8 ஆர்க்செகண்ட் நகர்வு. குவேசார் நகராது. எனவே வைஸ்வியூ என்ற இணையக் கருவியில் பல ஆண்டுப் படங்களை ஓட்டிப் பாருங்கள். நகர்ந்தால் அது வேறு வகைக் கண்டுபிடிப்பு!

இன்னொரு பொறி: ஆல்வைஸ் மேக்னிட்யூடுகள் வேகா முறையில் உள்ளவை. வேகா, ஏபி இரண்டும் மேக்னிட்யூடின் பூஜ்யப் புள்ளியை வெவ்வேறாக வைக்கும் முறைகள். ஏபி முறைக்கு மாற்ற டபிள்யூ1-உடன் 2.699, டபிள்யூ2-உடன் 3.339 கூட்ட வேண்டும். மாற்றினால் 0.8 என்ற எல்லையும் 0.16 ஆகிவிடும். இரண்டையும் கலந்தால் பட்டியல் முழுதும் வீண்.

5. ஒளி மாறுகிறதா?

இதே தொலைநோக்கியின் பிற்காலப் பணியான நியோவைஸின் ஒற்றைப் பதிவு அட்டவணையில் அதே இடத்தைத் தேடுங்கள். 2013 இறுதியிலிருந்து 2024 வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கொத்துப் பதிவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 7.7 வினாடிப் படம்தான். தனிப் புள்ளிகள் சிதறும். நிலவொளி பட்டவை, தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியில் எடுத்தவை ஆகியவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு கொத்துக்கும் இடைநிலை எண்ணை (மீடியன்) எடுத்து நாளுக்கு எதிராக வரையுங்கள். டபிள்யூ1, டபிள்யூ2 இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு பட்டையில் மட்டும் ஒற்றைக் கொத்து துள்ளினால், அந்த நாளின் மூலப் படங்களைத் திறந்து பார்க்காமல் எதையும் எழுதிவைக்க வேண்டாம்.