பழைய சாமி படத்துக்குச் சட்டம் மாற்றும்போது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடைகளில் லட்சுமியும் சரஸ்வதியும் தேக்குச் சட்டத்தோடு சுவரில் சாய்ந்து நிற்பார்கள். சட்டம் பழசுதான். உள்ளே இருப்பது போன வருடம் அச்சான படமாகவும் இருக்கலாம். அதனால் காசு கொடுக்குமுன் 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். கல்லில் வரைந்து அச்சிட்ட பழைய கல் அச்சில் (லித்தோகிராஃப்) புள்ளிகள் கையால் குத்தியதுபோல ஒழுங்கில்லாமல், பல நிறங்களில் கிடக்கும். பின்னால் வந்த ஆப்செட் இயந்திர அச்சில் நான்கே நிறங்கள். அதுவும் வரிசை பிசகாது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தால் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்கிறதா? 1950-க்குப் பிந்தைய தாள். டீத்தண்ணீர் பூசிப் பழசாக்கியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். அடியில் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் பெயர் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நகல் எடுத்தால் பெயரும் சேர்ந்தே வரும்.

ஆப்செட் என்றால் மட்டம் என்றில்லை. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த காலண்டர் படங்களையும் தேடி வாங்குகிறார்கள். விலைதான் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

சட்டத்தைத் துணி விரித்த மேசையில் கண்ணாடி கீழே இருக்கும்படி வைத்து, பின்தாளைக் கிழித்து, துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரித்தால் முகம்தான் முதலில் போகும். அதைக் கண்ணாடியோடே வைத்திருப்பது மேல். ஒட்டாத படத்தை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது, தண்ணீர் காய்ந்த இடத்தில் பழுப்புக் கோடு விழும். சம்கி, ஜரிகை ஒட்டிய இடத்தில் தூரிகையும் வேண்டாம்.

பின்னட்டையாகப் பிளைவுட் வைத்தால் அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும். அமிலம் நீக்கிய அட்டை வாங்குங்கள். படத்தை அட்டையில் ஒட்டச் செல்லோடேப் வேண்டாம், பசை காய்ச்சிக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சுங்கள். பைண்டிங் கடைப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்திருக்கும், அது தாளைக் கெடுக்கும். ஒரு அங்குல அகலத்தில் இரண்டு மெல்லிய தாள் துண்டுகளால் படத்தின் மேல் ஓரத்தை மட்டும் அட்டையில் ஒட்டுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஐப்பசி ஈரத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலையலையாகச் சுருங்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

மாட்டப்போவது பழைய செட்டிநாட்டு வீடு என்றால், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் புது ஆணி அடித்தால் பூச்சு பெயர்ந்து வரும். ஏற்கெனவே உள்ள ஆணியிலோ மரச்சட்டத்திலோ மாட்டுங்கள். கீழ் மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும், தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி தங்காது. வளவு எனும் நடு முற்றத்து வெயில் நேராக விழும் தூண் வரிசை ஆகாது. சிவப்புதான் முதலில் வெளுக்கும். வெயில் எட்டாத உள்சுவர் நல்ல இடம்.