பட்டாளத்துக்காரருக்கு உதவப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் 7 கொடிநாள் நெருங்கினால் போதும், ஊர்ச் சங்கங்களுக்கும் கல்லூரி என்.எஸ்.எஸ். அணிகளுக்கும் முன்னாள் படைவீரர் ஞாபகம் வந்துவிடும். மேடை, சால்வை, போட்டோ. சிறப்பு விருந்தினர் வரும்வரை எண்பது வயதுக்காரரை வெயிலில் உட்கார வைப்பதும் இதில் அடக்கம். அந்தச் சால்வைக் காசில் அவரை இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்குக்கு ஒரு நடை காரில் கூட்டிப்போய் வரலாம். மாத்திரை வாங்க இரண்டு பஸ் மாறுகிறவர்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நிறையப் பேர்.

உண்மையான வேலை அவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கையும், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வையும் வாங்கி, மனைவியின் ஆதாரோடு வைத்துப் பாருங்கள். யூனிட் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டது ‘செல்லம்மா’. ஆதாரில் ‘செல்லம்மாள்’, பிறந்த தேதி ஜனவரி 1. அவர் இருக்கும்வரை இது யார் கண்ணையும் உறுத்தாது. பென்ஷன் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அவர் போன பிறகு, குடும்ப ஓய்வூதியத்துக்காக அந்த அம்மாள்தான் அலைய வேண்டிவரும். துக்கம் விசாரிக்கப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் இதில் பெரிய தவறு. பதிவைத் திருத்தச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்டு, அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினால் பாதி அலைச்சல் மிச்சம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்; நீங்களாக ஊகித்து எழுதாதீர்கள்.

அடுத்தது வருடாந்திர உயிர்வாழ் சான்று. ஜீவன் பிரமாண் செயலியில், பென்ஷன் கொடுக்கும் இடம் எது என்ற கேள்விக்குப் பழைய பழக்கத்தில் வங்கியின் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். ஸ்பர்ஷுக்கு (பாதுகாப்புத் துறையே பென்ஷன் கொடுக்கும் ஆன்லைன் முறை) மாறியவருக்கு அங்கே ‘ஸ்பர்ஷ்’ என்றிருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் சான்று பதிவாகும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. சில மாதம் கழித்துப் பென்ஷன் நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். கைரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காவிட்டால் முகத்தைக் காட்டிப் பதியலாம். ‘தாத்தாவுக்கு போன் பார்க்கத் தெரியாது’ என்று உங்கள் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். நாளைக்கு ஓ.டி.பி. உங்களுக்கு வரும், நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். அவருடைய பி.பி.ஓ.வை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்பது திருடனுக்குச் சாவி கொடுப்பதுதான்.

மிலிட்டரிக்காரர் என்றாலே பென்ஷன் வரும் என்று நினைத்துப் பேசுவதும் தவறு. சிப்பாய் நிலையில் இருப்பவர்களுக்குப் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அதற்கு முன்பே வெளியே வந்தவர் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஹவில்தார் வரையிலான நிலையில் இருந்து, 65 வயது கடந்து, பென்ஷன் இல்லாமல் வறுமையில் இருப்பவர்களுக்கு கேந்திரிய சைனிக் போர்டின் (மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியம்) உதவித்தொகை உண்டு. விசாரித்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள்.

‘எத்தனை பேரைச் சுட்டீங்க?’ என்று பிள்ளைகளைக் கேட்க விடாதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, யாரும் எழுதாதது. இவ்வளவும் செய்து கொடுத்துவிட்டு, ‘ஐயா, கேன்டீன் கோட்டாவில ஒரு பாட்டில்…’ என்று இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியாருக்குக் கொடுத்தது தெரிந்தால் ராணுவ கேன்டீன் கார்டை இழப்பது அவர்தான். மளிகைச் சாமான் வாங்குவதும் அதே கேன்டீனில்தான்.