அடுக்குத் தேனீயும் பிசின் வலையும்

போன வாரம் ஒரு தம்பி வந்தார். புதிதாக ஆறு தேன் பெட்டி வைத்திருக்கிறார். "அண்ணே, புரோபோலிஸ் வலை போட்டு மூணு மாசமாச்சு, ஒரு பொட்டு பிசின் ஒட்டலை" என்றார். தேனீ சேர்க்கும் பிசின்தான் புரோபோலிஸ்; அதைப் பிடிக்கப் பெட்டியில் விரிப்பது அந்த வலை. என்ன தேனீ என்று கேட்டேன். நம் நாட்டு அடுக்குத் தேனீ. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதே வேலையைச் செய்து நஷ்டப்பட்டவன் நான். பிசின் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அடுக்குத் தேனீயிடம் பிசின் கேட்பது

மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ கடித்திழுத்து, மகரந்தம் சுமக்கும் பின்னங்கால் கூடையில் அப்பிக்கொண்டு வரும். பிசுபிசுப்பில் தானாக இறக்கி வைக்க முடியாது. கூட்டுக்குள் மற்ற தேனீக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தெடுத்து, மெழுகு கலந்து இடுக்குகளில் பூசும். இதெல்லாம் இத்தாலியத் தேனீயின் வேலை. கொட்டாத குட்டி இனமான கொசுத் தேனீ பிசினும் மெழுகும் குழைத்து வீடே கட்டும். கொம்புத் தேனீகூட கூடு தொங்கும் குச்சியில் இரு பக்கமும் பிசின் தடவி எறும்பைத் தடுக்கும். நம் அடுக்குத் தேனீக்கோ அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தான் அதன் பெட்டி மூடி உளி வைக்காமலே கையோடு வருகிறது. அதைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு எட்டுப் பெட்டிக்கு வலை வாங்கினேன். ரப்பர் மரத் தேன் பருவம் முடிந்த கையோடு உள்மூடியை எடுத்துவிட்டு வலையை விரித்தேன். வெளிச்சமும் காற்றும் வந்தால் தேனீ வலைக்கண்ணை அடைக்கும் என்பது கணக்கு. அதற்காக மேல்மூடியைக் குச்சி வைத்துத் தூக்கியும் விட்டேன். தேனீ அடைக்கவில்லை. அந்த வழியாக எறும்பு வந்தது, பின்னாலேயே மெழுகுப் பூச்சி வந்தது. ஜூன் மழைக்குள் ஐந்து பெட்டி காலி. ஒன்றைத் திறந்தால் தேனடை முழுக்க நூலாம்படை. வலை மட்டும் பளிச்சென்று இருந்தது, விலைச் சீட்டுகூட உரியவில்லை.

விற்றவர் என்ன தேனீ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தம்பிக்கு விற்றவரும் கேட்கவில்லையாம்.

இத்தாலியப் பெட்டியை வழித்தெடுப்பது

சுத்தமாக இருக்கட்டும் என்று உள்சுவர் வரை சுரண்டிவிடுகிறார்கள். கிருமியை அடக்கும் பூச்சு அது. மரப்பொந்தில் வாழும் கூட்டம் சுவர் முழுக்கப் பூசிக்கொள்ளும். இழைத்த பலகையில் பெரும்பாலும் இடுக்கை அடைப்பதோடு சரி. தேனடை கட்டும் சட்டம் உட்காரும் இடம், மூடியின் விளிம்பு இரண்டையும் சுரண்டினால் போதும்.

மதிய வெயிலில் சுரண்டுவது

அந்நேரம் பிசின் வெல்லப்பாகு. காலைக் குளிரில் உளி பட்டாலே படக்கென்று தெறிக்கும். வலை என்றால் ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து முறுக்குங்கள், உதிர்ந்துவிடும்.

பெயிண்ட் அடித்த மூடியிலிருந்து வழித்து மருந்துக்கு வைப்பது

வேண்டாம்.

கையை சோப்பு போட்டுக் கழுவுவது

பிசின் போகாது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும்.

வலையைத் திருப்பிக் கொடுக்கப் போவது

வாங்க மாட்டார்கள். என்னுடைய எட்டும் பரணில் கிடக்கின்றன.